நான்காவது ஜெபக் குறிப்புக்கு ஒரு திருத்தம்

அமெரிக்க ஜனாதிபதியை அமெரிக்கர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற மூடநம்பிக்கை உலகெங்கும் பரவிக் கிடக்கிறது. படித்தவர்களும் இதை நம்புகிறார்கள். தேர்தலன்று தொலைக்காட்சிகள் வரைபடம் விரித்து, மாநிலங்களுக்குச் சிவப்பும் நீலமும் பூசி, இந்த நம்பிக்கைக்கு நீர் ஊற்றி வளர்க்கின்றன. உண்மை வேறு. அமெரிக்க ஜனாதிபதி மொன்றியல் தீவின் மேற்குப் பக்கத்தில், பியர்பொன்ட்ஸில், ஒரு டவுன்ஹவுஸின் பேஸ்மன்டில், உடுப்புத் தோய்க்கும் மெசினுக்கும் யாரும் ஓடாத ட்ரெட்மில்லுக்கும் இடையில், வெள்ளிக்கிழமை மாலைகளில் தேர்ந்தெடுக்கப்படுகிறார். வாக்குச்சீட்டு கிடையாது. கண்களை மூடிக்கொண்டால் போதும்.

அந்த பேஸ்மன்டின் உரிமையாளர் சவிரிமுத்து. மட்டக்களப்புக்காரர். விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் கொம்பனி ஒன்றில் மேற்பார்வையாளர். ‘அமெரிக்க எழுப்புதல் ஜெபப் பேரவை, சர்வதேசக் கிளை’யின் நிறுவுநரும் தலைவரும் அவரே. கிளை தொடங்கியபோது தாய்ப் பேரவை என்று ஒன்று எங்கும் இருக்கவில்லை. கிளை முதலில் முளைத்து மரம் பிறகு வருவது ஆன்மிகத்தில் சாத்தியம். மரம் பிறகு ஒஹாயோ மாநிலத்தில் கிடைத்தது. பாஸ்டர் கிளென் என்பவர் நடத்திய ‘விழித்தெழும் தேசம்’ ஊழியம், யூடியூபில் சவிரிமுத்து இட்ட பின்னூட்டங்களின் நீளத்தைக் கண்டு வியந்து, அவரைத் தன் கிளையாக ஏற்றுக்கொண்டது.

சவிரிமுத்து கனேடியக் குடிமகனாகிக் கனகாலம். இங்கே ஒரு தேர்தலிலும் வாக்களித்ததில்லை. தன் வீட்டு வாசலில் வருடாவருடம் பெரிதாகும் பள்ளத்தை மூடச் சொல்லி யாரைக் கேட்கவேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் பென்சில்வேனியாவில் எந்தக் கவுண்டி எந்தப் பக்கம் சாயும் என்பது தெரியும். இதை அலட்சியம் என்று எண்ணிவிடக் கூடாது. கனடாத் தேர்தலில் ஒரு மனிதன் தன் வாக்கை மட்டும்தான் போடலாம். அமெரிக்கத் தேர்தலில் கடவுளையே இறக்கலாம்.

கியூபெக் அரசாங்கத்தின் மீதும் அவருக்கு வருத்தம் இருந்தது. இங்கே அரசுப் பள்ளி ஆசிரியரின் கழுத்தில் சிலுவை வெளியே தெரியக்கூடாது என்று சட்டம். மதத்துக்கும் அரசுக்கும் நடுவில் சுவர் வேண்டும் என்கிறார்கள். அமெரிக்கர்கள் விவேகிகள். அவர்கள் அந்தச் சுவரை இடித்து, கல்லை வீணாக்காமல், எல்லையில் கட்டுகிறார்கள்.

பேரவையின் நிர்வாகக் குழு சிறியது. செயலாளர் அனுஜன், கணினி வேலைசெய்யும் இளைஞன். கமராவும் மைக்கும் இவன் பொறுப்பு. ‘நட்புறவுப் பிரதிநிதி’ நடராசா, டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருக்கும் யாழ்ப்பாணத்துச் சைவர். அமெரிக்காவின் நன்மையில் மதபேதம் பார்க்கக்கூடாது என்பதற்காகச் சேர்த்துக்கொள்ளப்பட்டவர். அவருக்குக் கருத்துச் சொல்லும் உரிமையும் தேநீர் குடிக்கும் உரிமையும் உண்டு, வாக்குரிமை கிடையாது. துணைத் தலைவர் திரேசம்மா, சவிரிமுத்துவின் மனைவி. ஒரு கார்டரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகளுக்குச் சமைப்பவர்.

அமெரிக்காவின் ஆத்துமாவைப் பற்றித் திரேசம்மாவுக்குப் பெரிதாகக் கவலை இல்லை. அவருக்கு அங்கே வேறோர் அக்கறை இருந்தது. அதன் பெயர் றெனோல்ட்.

றெனோல்ட் அவருடைய ஒரே தம்பி. சுற்றுலா விசாவில் அமெரிக்காவுக்குப் போய், சுற்றிப் பார்ப்பதை இன்னும் முடிக்காதவன். நியூ ஜெர்சியில் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை. அகதி வழக்கு தோற்று, மேன்முறையீடும் தோற்று, அவனை என்ன செய்வது என்று யாருக்கும் ஞாபகம் வராத ஒரு நல்ல நிலையில் இருந்தான். வருடத்துக்கு ஒருமுறை ஓர் அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்து வைப்பான். அடுத்த வருடம் வா என்பார்கள்.

பேரவை ஆதரித்த வேட்பாளரின் பெயரை ஜெபத்தில் சொல்வார்கள், இங்கே சொல்லத் தேவையில்லை. பாஸ்டர் கிளென் அவரை, கடவுளே தேர்ந்தெடுத்தவர் என்ற பொருளில், ‘தெரிந்துகொள்ளப்பட்ட பாத்திரம்’ என்று அழைத்தார். பாத்திரம் கடைசியாக எப்போது தேவாலயத்துக்குப் போனது என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. ஆனால் போனபோது எடுத்த படம் தெளிவாக இருந்தது.

நடராசாவும் தன் பங்குக்குச் சும்மா இருக்கவில்லை. சென்-ரெஜிஸ் வீதி முருகன் கோயிலில் வேட்பாளரின் பெயருக்கு அர்ச்சனை செய்விக்க முடிவெடுத்தார். அங்கேதான் ஒரு சிக்கல்.

“அண்ணை, அந்தாளின்ர நட்சத்திரம் என்ன?” என்று கோயில் கார் தரிப்பிடத்திலிருந்து தொலைபேசியில் கேட்டார்.

“அதெல்லாம் எங்கட ஆக்களுக்கு இல்ல நடராசா,” என்றார் சவிரிமுத்து.

“ஐயர் கேக்கிறார். பேர் சொன்னன், ராசி நட்சத்திரம் இல்லாமல் எப்பிடி எண்டு நிக்கிறார். பிறந்த திகதி கூகிளில இருக்கு. நேரம் இல்லை.”

“காலம ஆறு மணி எண்டு சொல்லு. நல்ல ஆக்கள் காலமதான் பிறக்கிற.”

“எந்த ஊர்க் காலமை? அவையின்ர நேரமோ, சிலோன் நேரமோ? சிலோன் நேரம் போட்டா அடுத்த நட்சத்திரத்துக்குப் பாயுது. அதில அட்டமத்துச் சனி.”

அமெரிக்காவின் எதிர்காலம் ஒரு கார் தரிப்பிடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

“அவரில உனக்கு ஏன் அவ்வளவு விருப்பம்?” என்று கேட்டார் சவிரிமுத்து.

“மனுசன் தெய்வ நம்பிக்கை உள்ளவர் அண்ணை. எந்தத் தெய்வம் எண்டதைப் பேந்து பாப்பம்.”

கடைசியில் சர்வதேச நட்சத்திரமாக ரோகிணி தெரிவுசெய்யப்பட்டது. ஐயர் மறுப்புச் சொல்லவில்லை.

தேர்தலுக்கு முந்திய வாரத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. பாஸ்டர் கிளென் நடத்தும் மாபெரும் இணைய ஜெபக் கூட்டத்தில், உலகின் மொழிகள் எல்லாம் அமெரிக்காவுக்காக முழங்கவேண்டும் என்பது ஏற்பாடு. தமிழுக்கு இரண்டு நிமிடம். ஏழு கோடிப் பேருக்கு மேல் பேசும் மொழியின் சார்பில் முழங்கப் பியர்பொன்ட்ஸ் பேஸ்மன்ட் தெரிவாகியிருந்தது. சவிரிமுத்து சூட் ஒன்றை ட்ரை கிளீனிங்குக்குக் கொடுத்தார். தொண்டைக்குக் கொத்தமல்லி அவித்துக் குடித்தார். கொம்பனியில் கோழிச் சாப்பாட்டுக்கும் சைவச் சாப்பாட்டுக்கும் லேபல் மாறி ஒட்டப்பட்டு, டொரொன்டோ போன விமானம் ஒன்றில் சிறு கலகம் நடந்ததுகூட அவரைப் பாதிக்கவில்லை.

ஒஹாயோவிலிருந்து ஜெபக் குறிப்புகள் நான்கு வந்தன. முதலாவது, தேசத்தின் மனந்திரும்புதல். இரண்டாவது, வேட்பாளரின் வெற்றி. மூன்றாவது, பள்ளிகளில் பைபிள். நான்காவது, ‘அனுமதியின்றி நாட்டில் தங்கியிருப்போர் அனைவரும் அகற்றப்பட்டு தேசம் சுத்திகரிக்கப்படுவதாக.’

இதைத் தமிழாக்கம் செய்து நிறைவேற்ற வெள்ளிக்கிழமை விசேட கூட்டம் கூடியது. நமது மக்கள் ஜெபத்தையும் யாப்பு, அதாவது சங்க விதிகள், இல்லாமல் செய்வதில்லை. ஒவ்வொரு குறிப்பும் முன்மொழியப்பட்டு, வழிமொழியப்பட்டு, தீர்மானமான பிறகே பரலோகத்துக்கு அனுப்பப்படும். முதல் மூன்றும் தேநீர் வருவதற்குள் நிறைவேறின. நான்காவது வாசிக்கப்பட்டதும் திரேசம்மா ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்தார்.

“இதுல ஒரு சொல்லுப் போடவேணும்.”

“என்ன சொல்லு?” என்றார் தலைவர்.

“றெனோல்டைத் தவிர.”

தோய்க்கும் மெசின் மட்டும் சுழன்றுகொண்டிருந்தது.

“யாப்பின்படி திருத்தம் கொண்டுவரலாம் அங்கிள்,” என்றான் அனுஜன். “வழிமொழிய ஒராள் வேணும்.”

“நான் வழிமொழியலாமோ?” என்றார் நடராசா.

“நீ நட்புறவு,” என்றார் சவிரிமுத்து. “இஞ்ச பார் திரேசா. இது உலகம் முழுக்கப் போற ஜெபம். இதுல சொந்தக்காரர்ட பேர் எல்லாம் வந்தா பாஸ்டர் கிளென் என்ன நினைப்பார்?”

“அவருக்குத் தமிழ் விளங்குமா?”

“ஆண்டவருக்கு விளங்கும்.”

“அதுக்குத்தானே சொல்றன்.”

சவிரிமுத்து கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். “ஆண்டவருக்கு றெனோல்டைத் தெரியும். அவன் எங்க இரிக்கான், எப்பிடி இரிக்கான், எல்லாம் தெரியும். நாம போய் விளக்கம் குடுக்கத் தேவையில்ல.”

“அப்ப ஆரை வெல்ல வைக்கிற எண்டும் அவருக்குத் தெரியும்தானே. அதுக்கு மட்டும் ஏன் கிழமைக் கிழமை விளக்கம் குடுக்கம்?”

இந்தக் கேள்வி நிகழ்ச்சி நிரலில் இல்லை என்று தலைவர் தீர்ப்பளித்தார்.

சம்பந்தப்பட்டவரின் கருத்தையும் கேட்பது ஜனநாயகம் என்று அனுஜன் சொன்னான். றெனோல்டுக்கு அழைப்பு எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டார்கள். பின்னணியில் ஒரு லொறி இரைந்தது.

“அக்கா, சும்மா விடுங்கக்கா,” என்றான் றெனோல்ட். “நாலாவது நல்ல குறிப்பு. கட்டாயம் ஜெபிக்க வேணும்.”

“டேய், அது உனக்குத்தான்டா.”

“எனக்கில்லக்கா. அது மத்த ஆக்களுக்கு. நான் வேலை செய்யிறன், டக்ஸ் கட்டுறன், ஞாயித்துக்கிழமை சேர்ச்சுக்குப் போறன். போன கிழமை ஊர்வலத்துல கொடியும் பிடிச்சன். அத்தான், படம் அனுப்பினனே, பாத்தீங்களா?”

“பாத்தன் றெனோல்ட். தொப்பி நல்லா இரிக்கு.”

“உன்ட முகத்துல என்னடா எழுதியிருக்கு,” என்றார் திரேசம்மா, “நான் மத்த ஆள் இல்ல எண்டு?”

“அவங்களுக்கு ஆளப் பாத்தா விளங்கும்க்கா.” லொறி ஹோர்ன் அடித்தது. “கஸ்டமர் வாறார். அத்தான், ரெண்டு நிமிசத்தையும் நல்லா முழங்குங்க.”

திரேசம்மா இன்னும் ஒன்றைச் சொன்னார். அதை வரலாறு மறந்திருந்தது, தலைவரும் மறந்திருந்தார். பல வருடங்களுக்கு முன் சவிரிமுத்து கனடாவுக்குள் வந்தது நியூயோர்க் வழியாக, லாக்கோல் எல்லையால். அப்போது அவரிடமிருந்த கடவுச்சீட்டில் இருந்த முகம் இன்னொருவருடையது, மீசையோடு. “அண்டைக்கு இப்பிடி ஒரு பேஸ்மன்டுல நாலு பேர் இரிந்து சுத்திகரியும் எண்டு ஜெபிச்சிருந்தா, நீங்க இப்ப எங்க?”

“அது வேற காலம்,” என்றார் சவிரிமுத்து. “அப்ப எங்களுக்குப் பிரச்சினை இரிந்தது.”

அனுஜன் திருத்தத்தை வழிமொழிந்தான். விவாதம் நடக்கட்டும் என்பதற்காக வழிமொழிவதாகவும், வாக்களிப்பில் நடுநிலை வகிப்பதாகவும் சொன்னான். அங்கிளோடும் அன்ட்டியோடும் நல்லுறவில் இருக்கவேண்டியவன், அந்த வீட்டுச் சாப்பாட்டை விரும்புபவன். வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவாகத் திரேசம்மா. எதிராகச் சவிரிமுத்து. சமநிலை.

சமநிலை வந்தால் தலைவருக்கு இரண்டாவது வாக்கு உண்டு என்று யாப்பு சொல்கிறது. சவிரிமுத்து கண்களை மூடி, இருதயத்தை ஆராய்ந்து, முதல் வாக்கோடு உடன்பட்டார். இப்படியாக, அமெரிக்காவில் ஒரு வாக்கும் இல்லாத வீட்டில், ஒரே ஆளுக்கு இரண்டு வாக்கு இருந்தது.

திரேசம்மா ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டார். தேநீர் உரிமை அன்று ரத்தானது.

இணையக் கூட்டம் சிறப்பாக நடந்தது. கொரிய மொழிக்கும் போர்த்துக்கேய மொழிக்கும் இடையில் சவிரிமுத்து தோன்றினார். நேவி நீலச் சூட், பின்னால் திரைச்சீலை, திரைச்சீலைக்குப் பின்னால் மெசின். இரண்டு நிமிடமும் முழங்கினார். நான்காவது குறிப்பில் அவருடைய குரல் தழுதழுத்து, ‘அனைவரும்’ என்ற சொல்லில் உச்சத்துக்கு ஏறியது. ஒரு சொல்லும் புரியாத அமெரிக்கர்கள் சரியான இடங்களில் ஆமென் சொன்னார்கள். பாஸ்டர் கிளென் கண்ணீர் துடைத்தார். கீழே ஓடிய கருத்துகளில் ஒருவர் ‘என்ன அழகான அரபு மொழி’ என்று எழுதியிருந்தார். அதையும் சவிரிமுத்து பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

வேட்பாளர் வென்றார்.

தற்செயல் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். மறுநாள் நடராசா பியர்பொன்ட்ஸுக்கு வந்து, சவிரிமுத்துவின் வாசற்படியில் தேங்காய் உடைத்தார். பக்கத்து வீட்டு மதாம் கஞோன் கதவைத் திறந்து பார்த்து, ‘போன்ஜூர்’ சொல்லி, நேற்று ஹொக்கியில் நம்மவர்கள் தோற்றார்களே, பிறகு என்ன கொண்டாட்டம் என்று பிரெஞ்சில் கேட்டார். அமெரிக்கா மீட்கப்பட்டது என்று சவிரிமுத்து விளக்கினார். மதாம் கஞோன், தேங்காய்ச் சிரட்டைகளை மண்ணிறக் குப்பைப் பெட்டியில் போடவேண்டும், நீலப் பெட்டியில் அல்ல என்று நினைவூட்டிவிட்டுக் கதவை மூடினார். அவருக்கு உலக அரசியலில் ஈடுபாடு குறைவு.

பனி உருகும் காலத்தில் றெனோல்ட் வழக்கம்போல் கையெழுத்து வைக்கப் போனான். நல்ல சேர்ட் போட்டு, தொப்பியும் போட்டுப் போனான். இம்முறை அடுத்த வருடம் வா என்று அவர்கள் சொல்லவில்லை. உள்ளே வா என்றார்கள்.

அவனை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கவே வழக்கறிஞருக்குக் காலம் எடுத்தது. முதலில் நியூ ஜெர்சி என்றார்கள், பிறகு லூசியானா. ஒருநாள் அவனே பேசினான். திரேசம்மா ஒலிபெருக்கியில் போடவில்லை. காதோடு வைத்துக் கேட்டார். பிறகு போனைக் கணவரிடம் கொடுத்தார்.

“அத்தான்,” என்றது தொலைவில் ஒரு சின்னக் குரல். “இஞ்ச ஏதோ பிழை நடந்திரிக்கு. இதுக்குள்ள முழுக்க மத்த ஆக்கள். பாஸ்டர் கிளெனிட்ட ஒருக்காச் சொல்லுங்க. கொழும்புக்கு ஏத்தப் போறாங்க எண்டு கதைக்கிறாங்க.”

சவிரிமுத்து அன்றைக்கே ஒஹாயோவுக்கு அழைத்தார். பாஸ்டர் பதவியேற்பு விருந்துக்குப் பிறகு மிகவும் பணிவாகவும் மிகவும் வேலையாகவும் இருந்தார். அவருக்குப் பதிலாக ஊழியத்தின் சகோதரி பிரெண்டா பேசினார். தேன் போன்ற குரல்.

“சகோதரர் சவ்ரி, உங்கள் ஜெபத்தை நாங்கள் மறக்கவே இல்லை. என்ன அழகான மொழி. அதில் என்னதான் சொன்னீர்கள்?”

சவிரிமுத்து நான்கு குறிப்புகளையும் வரிசையாக ஆங்கிலத்தில் சொன்னார்.

“அந்த நான்காவதை ஆண்டவர் எவ்வளவு வேகமாக நிறைவேற்றுகிறார், பார்த்தீர்களா?”

“பார்த்தேன்,” என்றார் சவிரிமுத்து. “அதைப்பற்றித்தான் பேச எடுத்தேன்.”

விஷயத்தைச் சொன்னார். பிறகு சகோதரி பிரெண்டா, தடுப்பு முகாம்களுக்குப் பாஸ்டர் கிளென் பெட்டி பெட்டியாகப் பைபிள் அனுப்புகிறார், இந்த வருடம் ஆட்கள் கூடியதால் ஊழியமும் பெருகியிருக்கிறது, மைத்துனருக்கு ஒன்று நிச்சயம் கிடைக்கும் என்று உறுதியளித்தார். தோல் அட்டை வேண்டுமா, சாதா அட்டையா என்று மட்டும் கேட்டார்.

நடராசாவின் நிலைப்பாடு தெளிவாக இருந்தது. “நான் அர்ச்சனை செய்தது வெற்றிக்கு மட்டும் அண்ணை. வெண்டாப் பிறகு செய்யிற அலுவலுகள் வேற டிப்பார்ட்மென்ற்.” நட்சத்திரத்தை மாற்றிப் போட்டதாலும் இருக்கலாம் என்று சேர்த்துக்கொண்டார்.

அனுஜன் அவசரக் கூட்டம் கூட்டி, நான்காவது குறிப்பை மீளப் பெறலாம் என்றான். பிறகு யாப்பைப் புரட்டி, நிறைவேறிய தீர்மானம் ஒன்றை ஒரு வருடத்துக்குள் மீளப் பெற முடியாது என்ற விதியைக் கண்டுபிடித்தான். அந்த விதியை எழுதியவர் சவிரிமுத்து. பரலோகத்துக்குக் குழப்பம் வரக்கூடாது என்ற நல்ல நோக்கத்தில் எழுதியது.

கிழமைகள் சில போயின. திரேசம்மா பேஸ்மன்டுக்கு இறங்குவதை நிறுத்திவிட்டார். உடுப்பைக்கூட லோண்ட்ரமேட்டில் தோய்த்தார். வீட்டில் கதை குறைந்தது. ‘சாப்பாடு இரிக்கு,’ ‘கதவப் பூட்டுங்க,’ ‘லோயர் எடுத்தவரா’ என்ற மூன்று வாக்கியங்களில் குடும்பம் நடந்தது. சவிரிமுத்து பென்சில்வேனியாவைப் பற்றிப் பேசுவதை விட்டார். வேலையில் சாப்பாட்டுத் தட்டுகளுக்கு மூடி போடும்போது, ஒரு தட்டு எந்த விமானத்துக்குப் போகிறது என்று கேட்கத் தொடங்கினார். கொழும்புப் பக்கம் போகும் விமானங்களுக்கு மொன்றியலில் சாப்பாடு ஏறுவதில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் கேட்டார்.

ஒரு சனிக்கிழமை வழக்கறிஞர் அழைத்தார். கடைசி மனு திங்கட்கிழமை கேட்கப்படும், அதோடு சரி, இனி ஒன்றும் இல்லை என்றார்.

திரேசம்மா சமையலறை மேசையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் அழுகிறாரா என்று சொல்ல முடியாதபடி அந்த வேலையைத் தெரிந்தெடுத்திருந்தார். சவிரிமுத்து வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். தன் வாழ்க்கையின் மிகப் பெரிய அரசியல் தியாகத்தை அந்த வாசலில் வைத்துச் செய்தார். யாப்பைக் கைவிட்டார்.

“திரேசா,” என்றார். “தீர்மானம் கிடக்கட்டும். பேரவையும் கிடக்கட்டும். நான் தலைவராக் கேக்கல்ல, அவன்ட அத்தானாக் கேக்கப் போறன். றெனோல்டுட பேரச் சொல்லியே கேக்கப் போறன்.”

மேசையோரம் முழங்காலில் நின்றார். மூட்டு முறிந்ததுபோல் ஒரு சத்தம். கண்களை மூடினார். இரண்டு கைகளையும் உயர்த்தி, அமெரிக்காவின் ஜனாதிபதிகளை உருவாக்கிய அந்தக் கம்பீரமான தொண்டையைச் செருமினார்.

“ஆண்டவரே,” என்று தொடங்கினார். “எங்கட றெனோல்டை…”

திரேசம்மா கத்தியை வைத்துவிட்டு, வெங்காயக் கையால் அவருடைய வாயைப் பொத்தினார்.

“வேணாம்,” என்றார். “உங்கட ஜெபம் கேக்கப்படுது. ஒருக்காக் கேட்டதுக்கே அவன் உள்ளுக்க இரிக்கான்.”